பழைய புல்லட்டின் விலை: ஒரு மோட்டார் சைக்கிளின் மறுவிற்பனை மதிப்பு உருவான வரலாறு

பழைய மோட்டார் சைக்கிளின் மறுவிற்பனை மதிப்பு என்பது, விவரம் தெரிந்த ஒருவர் அவசரமோ கட்டாயமோ இல்லாமல் அதற்கு இன்று கொடுக்க முன்வரும் தொகை. கடையிலிருந்து வெளியே வந்த நாள் முதல் ஒரு வண்டியின் விலை குறைந்துகொண்டே போகும். பெரும்பாலான வண்டிகள் இறுதியில் பழைய இரும்பின் எடைக்குத்தான் போகின்றன. சில வண்டிகளுக்கு மட்டும் அந்த இறக்கம் ஓர் இடத்தில் நின்று, விலை மீண்டும் மேலே ஏறுகிறது. அப்படி ஏறுவதற்கு வயது மட்டும் காரணம் அன்று. யார் செய்தது, எத்தனை செய்யப்பட்டன, எத்தனை பிழைத்தன, உதிரி பாகங்கள் கிடைக்கின்றனவா, பதிவு ஆவணங்கள் சரியாக உள்ளனவா என்ற கேள்விகளின் விடைகள் சேர்ந்தே அந்த விலையை உருவாக்குகின்றன. இவை அனைத்தும் வரலாற்றுக் கேள்விகள்.

சென்னை திருவொற்றியூரில் அரை நூற்றாண்டுக்கும் மேலாக உற்பத்தியான ராயல் என்ஃபீல்டு புல்லட் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அடிப்படை வடிவம் நெடுங்காலம் மாறாமல் இருந்ததால் பழைய புல்லட்டைத் தொடர்ந்து ஓட்ட முடிந்தது. அதே காரணத்தால் எது அசல், எது பல வண்டிகளின் பாகங்களைச் சேர்த்துக் கட்டியது என்று பிரித்தறிவதும் கடினமானது. புல்லட்டின் விலையை மதிப்பிடுவோர் எதிர்கொள்ளும் எல்லாச் சிக்கல்களும் இந்த இரட்டைத் தன்மையிலிருந்தே வருகின்றன.

"வின்டேஜ்" என்னும் சொல்

பேச்சு வழக்கில் இருபது ஆண்டு கடந்த எந்த வண்டியையும் வின்டேஜ் என்று சொல்லிவிடுகிறோம். இச்சொல்லுக்கு இடத்திற்கு இடம் வேறு வரையறை உண்டு. பிரிட்டனின் பழைய வாகன ஆர்வலர்கள் முதல் உலகப் போருக்கு முந்தையவற்றை வெட்டரன் என்றும், அதன் பின் 1930 முடியும் வரை வந்தவற்றை வின்டேஜ் என்றும் பிரிப்பது வழக்கம். 1946இல் அங்கே தொடங்கப்பட்ட வின்டேஜ் மோட்டார் சைக்கிள் கிளப், 25 ஆண்டு கடந்த வண்டிகளை ஏற்றுக்கொள்கிறது. பன்னாட்டுப் பழைய வாகனக் கூட்டமைப்பான ஃபிவா, குறைந்தது 30 ஆண்டு பழமை, வரலாற்று முறையில் சரியான நிலை, அன்றாடப் போக்குவரத்துக்குப் பயன்படாமை ஆகியவற்றை நிபந்தனையாக வைக்கிறது. இந்தியாவில் 2021ஆம் ஆண்டு அறிவிக்கப்பட்ட மத்திய மோட்டார் வாகன விதித் திருத்தத்தின்படி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்ததும், பெரிய மாற்றம் எதுவும் செய்யப்படாததுமான இருசக்கர, நான்கு சக்கர வாகனங்களே வின்டேஜ் ஆகும்.

எனவே 1990இல் வாங்கிய ஒரு புல்லட் சந்தைக்குப் பழைய வண்டி, கிளப்புக்குக் கிளாசிக் வண்டி, சட்டத்திற்கோ 15 ஆண்டு கெடு தாண்டிய சாதாரண வண்டி. விற்பவர் ஒரு பொருளில் சொல்ல, வாங்குபவர் வேறு பொருளில் புரிந்துகொள்வது விலைத் தகராறுகளுக்கு ஒரு காரணம்.

ரெட்டிச்சிலிருந்து திருவொற்றியூருக்கு

இங்கிலாந்தின் ரெட்டிச் நகரில் இயங்கிய என்ஃபீல்டு சைக்கிள் நிறுவனம் 1901இல் தன் முதல் மோட்டார் சைக்கிளை உருவாக்கியது. புல்லட் என்ற பெயர் 1932இல் வந்தது. இன்று நாம் அறிந்த புல்லட்டின் முன்னோடி, பின் சக்கரத்திற்கு ஊசலாடும் தாங்கியும் அதிர்வு தாங்கும் உருளைகளும் கொண்டு 1940களின் இறுதியில் அறிமுகமானது. பின் சக்கரம் சட்டத்தோடு இறுகப் பிணைந்திருந்த வண்டிகள் மிகுந்திருந்த காலத்தில் அது ஒரு முன்னேற்றம்.

விடுதலைக்குப் பின் இந்திய ராணுவம் எல்லைக் காவல் பணிக்கு ஏற்ற மோட்டார் சைக்கிளைத் தேடியபோது 350 சிசி புல்லட்டைத் தேர்ந்தெடுத்தது. 1950களின் தொடக்கத்தில் வந்த அந்த ஆர்டர்கள்தாம் இந்திய உற்பத்திக்கு வழி திறந்தன. மதராஸ் மோட்டார்ஸ் நிறுவனமும் ரெட்டிச் நிறுவனமும் கூட்டுச் சேர்ந்து 1955இல் என்ஃபீல்டு இந்தியா நிறுவனத்தைத் தொடங்கின. முதலில் இங்கிலாந்திலிருந்து வந்த பாகங்களை இங்கே பொருத்தினார்கள். 1957இல் வார்ப்புகளும் உற்பத்திக் கருவிகளும் சென்னைக்கு விற்கப்பட்டன. 1962 அளவில் பாகங்கள் முழுவதும் இந்தியாவிலேயே தயாராயின.

இந்த ஆண்டுகள் விலைக்கு நேரடியாகத் தொடர்புடையவை. 1950களின் பிற்பகுதியைச் சேர்ந்த ஒரு மதராஸ் புல்லட்டில் லூகாஸ் மின்கருவிகள், அமால் கார்புரேட்டர் போன்ற இங்கிலாந்துப் பாகங்கள் இருக்கலாம். அவை இன்னும் வண்டியிலேயே இருந்தால் சேகரிப்பாளருக்கு அதன் மதிப்பு தனி. பிற்காலத்தில் வசதிக்காகக் கழற்றி உள்ளூர்ப் பாகம் போட்டிருந்தால், வண்டி நன்றாக ஓடினாலும் அந்தக் கூடுதல் மதிப்பு போய்விடுகிறது.

தாய் நிறுவனத்தின் வீழ்ச்சி இன்னொரு திருப்பம். ரெட்டிச் ஆலை 1967இல் மூடப்பட்டது. இங்கிலாந்தில் எஞ்சியிருந்த உற்பத்தியும் 1970இல் முடிந்தது. பிறந்த ஊரில் மறைந்த வண்டி சென்னையில் தொடர்ந்து உருவாகி, 1977இல் இங்கிலாந்துக்கே ஏற்றுமதியாகத் தொடங்கியது. பழைய ரெட்டிச் புல்லட்டை வைத்திருந்த ஆங்கிலேயர்கள் பலருக்குத் தேவையான பாகம் திருவொற்றியூரிலிருந்து போனது. மூடப்பட்ட ஆலையின் வண்டி அரியதாகும். ஆனால் பாகம் கிடைக்காமல் முடங்கும். புல்லட்டுக்கு அந்த முடக்கம் வரவில்லை.

கட்டுப்பாட்டுக் காலச் சந்தை

1960களிலும் 70களிலும் இந்தியாவில் ஒருவர் மோட்டார் சைக்கிள் வாங்க நினைத்தால் முன்னே இருந்த வாய்ப்புகள் மிகக் குறைவு. சென்னையில் புல்லட், மைசூரில் ஜாவா, எஸ்கார்ட்ஸ் நிறுவனத்தின் ராஜ்தூத் ஆகிய மூன்றுமே முதன்மையானவை. எத்தனை வண்டி செய்யலாம் என்பதை அரசின் உரிமம் தீர்மானித்தது. வெளிநாட்டு வண்டிகளை இறக்குமதி செய்வது எளிதாக இல்லை. ஸ்கூட்டர்களுக்குப் பணம் கட்டி ஆண்டுக்கணக்கில் காத்திருந்த காலம் அது. புதியது உடனே கிடைக்காத சந்தையில் பழையதன் விலை இறங்காது. கையில் உள்ள வண்டியைப் பழுது பார்த்து, பாகம் மாற்றி, பெயின்ட் அடித்து ஓட்டுவதே இயல்பாக இருந்தது.

இந்தப் பழக்கம் இரண்டு விளைவுகளை விட்டுச் சென்றது. முதலாவது, எந்த வண்டியையும் உயிர்ப்பிக்கத் தெரிந்த மெக்கானிக்குகளின் ஒரு தலைமுறை உருவானது. சென்னைப் புதுப்பேட்டையின் பழைய பாகக் கடைகளும் ஜெனரல் பேட்டர்ஸ் சாலையின் உதிரி பாகக் கடைகளும் அந்த உலகின் பகுதிகள். இரண்டாவது, தொழிற்சாலையிலிருந்து வந்த நிலையிலேயே இருக்கும் வண்டிகள் அரிதாகின. நாற்பது ஆண்டு ஓடிய புல்லட்டில் டேங்க் ஓர் ஆண்டினது, மட்கார்டு வேறோர் ஆண்டினது, கியர்பெட்டி மூன்றாவது வண்டியினது என்று இருப்பது குற்றமாகக் கருதப்படவில்லை. வண்டி ஓட வேண்டும் என்பதே தேவையாக இருந்தது. அசல் நிலைக்கு விலை உண்டு என்ற எண்ணம் மிகவும் பிந்தி வந்தது.

1980களில் நிலைமை மாறியது. 1984இல் ஓசூரிலிருந்து இந்த்-சுசுகி ஏஎக்ஸ் 100 வந்தது. 1985இல் யமஹா ஆர்எக்ஸ் 100, ஹீரோ ஹோண்டா சிடி 100 ஆகியவை வந்தன. எடை குறைந்த, பெட்ரோல் சிக்கனமான, எளிதில் ஸ்டார்ட் ஆகும் வண்டிகளின் முன் புல்லட் ஒரு கனத்த பழம்பொருளாகத் தோன்றியது. பல வீடுகளில் அப்பாவின் புல்லட் மாட்டுக் கொட்டகையிலோ மாடிப்படிக்கு அடியிலோ நின்று துருப்பிடித்தது இக்காலத்தில்தான். பேரீச்சம்பழத்துக்குப் போடும் பழைய இரும்பாக எத்தனையோ வண்டிகள் கைமாறின. அப்படிப் போனவற்றின் எண்ணிக்கையே மிஞ்சியவற்றின் இன்றைய விலையைத் தாங்கி நிற்கிறது.

இறக்கமும் ஏற்றமும்

என்ஃபீல்டு இந்தியாவும் தடுமாறியது. 1990இல் ஐஷர் குழுமம் அதில் பங்கு வாங்கியது. பின்னர் நிறுவனம் அதன் கைக்கு முழுமையாக வந்து, ராயல் என்ஃபீல்டு என்ற பெயரை எடுத்துக்கொண்டது. 2000ஆம் ஆண்டளவில் மோட்டார் சைக்கிள் பிரிவை மூடிவிடலாமா என்ற பேச்சு எழும் அளவுக்கு விற்பனை குன்றியிருந்தது. அங்கிருந்து நிறுவனம் மீண்டது. கியர்பெட்டியும் என்ஜினும் ஒரே உறைக்குள் அமைந்த புதிய என்ஜின் 2008இல் வந்தது. 2009இல் வந்த கிளாசிக் மாடல் பழைய தோற்றத்தைப் புதிய இயந்திரத்தின் மேல் போர்த்தி விற்று வெற்றி கண்டது. பழைய வார்ப்பிரும்பு என்ஜின் புல்லட்டின் உற்பத்தி 2010இல் முடிவுக்கு வந்தது.

வார்ப்பிரும்பு என்ஜின் நின்றபின் பழைய புல்லட் "இன்னும் ஒன்று வாங்கிக்கொள்ளலாம்" என்ற நிலையிலிருந்து "இனி வராது" என்ற நிலைக்கு மாறியது. வலது காலில் கியர், இடது காலில் பிரேக், கிக்கரை மிதிக்கும் முன் டிகம்ப்ரஷன் லீவரை இழுத்து ஆம்பியர் மீட்டர் முள்ளைப் பார்க்கும் பழக்கம், தனி கியர்பெட்டி, மெதுவாகத் தட்டும் ஓசை ஆகிய அனைத்தும் ஒரு காலகட்டத்தின் அடையாளங்களாகிவிட்டன. புதிய கிளாசிக்கை வாங்கிய இளைஞர்கள் சிலர் அதன் மூல வடிவத்தைத் தேடத் தொடங்கினர். புதிய வண்டியின் வெற்றி பழைய வண்டியின் விலையையும் உயர்த்தியது.

மைசூர் ஜாவாவும் எஸ்டியும் ராஜ்தூத்தும்

ஒப்பீட்டுக்கு வேறு சில வண்டிகளைப் பார்ப்பது பயன்தரும். மைசூரின் ஐடியல் ஜாவா நிறுவனம் செக்கோஸ்லோவாக்கியாவின் ஜாவா வண்டியை 1961 முதல் தயாரித்தது. 1970களில் எஸ்டி என்ற பெயருக்கு மாறி, 1996இல் ஆலை மூடப்பட்டது. புல்லட்டைப் போல இவற்றுக்குத் தொழிற்சாலைத் தொடர்ச்சி இல்லை. எனவே அசல் பாகங்கள் முழுமையாக உள்ள வண்டிக்கும் பாகங்கள் குறைந்த வண்டிக்கும் இடையே விலை இடைவெளி பெரிது. 2018இல் ஜாவா பெயரும் 2022இல் எஸ்டி பெயரும் வேறொரு நிறுவனத்தால் மீண்டும் சந்தைக்கு வந்தன. புதிய வண்டிகளின் பாகங்கள் பழையவற்றுக்குப் பொருந்தா. ஆனால் மறந்துபோன பெயர் மீண்டும் பேசப்பட்டது.

ராஜ்தூத் 350இன் கதை இன்னும் சுவையானது. யமஹாவின் ஆர்டி 350 வண்டியின் இந்திய வடிவமாக 1983இல் வந்த இது, அன்றைய இந்தியச் சாலைகளுக்கு மிக வேகமானது, பெட்ரோலை அதிகம் குடித்தது, விலையும் அதிகம். வணிக நோக்கில் தோல்வியடைந்து சில ஆண்டுகளில் நின்றுபோனது. அந்தத் தோல்வியே இன்று அதன் விலைக்குக் காரணம். குறைவாக விற்றதால் குறைவாக எஞ்சியது. இதிலும் ஹை டார்க், லோ டார்க் என இரு வகைகள் உண்டு. முதலில் வந்த, ஆற்றல் கூடிய ஹை டார்க் வகையைத்தான் சேகரிப்பாளர் அதிகம் தேடுகிறார்.

யமஹா ஆர்எக்ஸ் 100 இதற்கு நேர்மாறு. 1985 முதல் 1996 வரை பெருமளவில் விற்ற வண்டி. தெருவுக்குத் தெரு நின்ற வண்டிக்கு விலை ஏறியதற்குக் காரணம் அரிமை அன்று, ஒரு தலைமுறையின் நினைவு. புகை விதிகள் கடுமையானதால் இரு வீச்சு என்ஜின் வண்டிகள் சாலையிலிருந்து விலகின. அந்த ஓசையும் விரைவும் புதிய வண்டிகளில் கிடைக்கவில்லை. இதிலும் தொடக்கத்தில் ஜப்பானியப் பாகங்களைக் கொண்டு பொருத்தப்பட்ட தொகுதிக்குத் தனி மதிப்பு.

இந்த ஒப்பீட்டிலிருந்து கிடைப்பது: அரிமை, நினைவு, ஓட்டத்தக்க தன்மை ஆகிய மூன்றில் குறைந்தது இரண்டு சேர்ந்தால்தான் பழைய வண்டியின் விலை நிலைத்து ஏறுகிறது. அரிதாக மட்டும் இருந்து எவரும் நினைவு வைத்திருக்காத வண்டிக்கு வாங்க ஆளிருக்காது.

மதிப்பிடும் முறை

மதிப்பீட்டின் முதல் படி அடையாளம். என்ஜின் உறையில் பொறித்த எண்ணும், சட்டத்தில் உள்ள சேஸிஸ் எண்ணும், ஆர்.சி. புத்தகத்தில் உள்ள எண்களும் ஒன்றாக இருக்க வேண்டும். பொறிப்பைச் சுற்றி அரத்தால் தேய்த்த தடமோ, எழுத்துகள் வரிசை கோணியிருப்பதோ தெரிந்தால் அங்கேயே நிறுத்திவிடுவது நல்லது. எண் பொருந்தாத வண்டிக்கு எவ்வளவு அழகான பெயின்ட் இருந்தாலும் அது விலையாகாது. திருட்டு வண்டியாக இருக்கலாம் என்ற ஐயம் ஒருபுறம். ஆவணத்தில் என்ஜின் மாற்றம் பதிவாகாவிட்டால் பெயர் மாற்றமே சிக்கலாகும் என்பது மறுபுறம்.

இரண்டாவது, அசல் தன்மை. டேங்க், மட்கார்டு, ஹெட்லைட் உறை, சைலன்சர், கார்புரேட்டர், மீட்டர், சக்கர விளிம்பு ஆகியவை அந்த ஆண்டுக்குரியவைதாமா என்று பார்க்க வேண்டும். ஹெட்லைட்டின் இருபுறமும் சிறு விளக்குகளைக் கொண்ட உறை 1954இல் ரெட்டிச்சில் அறிமுகமானது; அதுவே இந்தியப் புல்லட்டின் முகமாக நிலைத்தது. வடிவம் மாறாததால் 1990களின் உறையை 1960களின் வண்டியில் மாட்டிவிடலாம். பார்ப்பவருக்கு வேறுபாடு தெரியாது. உலோகத்தின் கனம், பற்றவைத்த இடம், வார்ப்பில் உள்ள அடையாளம் ஆகியவற்றைப் படிக்கத் தெரிந்த பழைய மெக்கானிக் ஒருவரை உடன் அழைத்துச் செல்வது, எந்த விலைப் பட்டியலையும்விடப் பயன் தரும்.

மூன்றாவது, இயந்திர நிலை. குளிர்ந்த என்ஜின் எத்தனை உதையில் பிடிக்கிறது, சூடானபின் புகை நீலமாக வருகிறதா, எண்ணெய் எங்கே கசிகிறது, நியூட்ரல் எளிதில் விழுகிறதா என்பவை பார்க்கப்படும். நாம் போவதற்கு முன்பே என்ஜினைச் சூடாக்கி வைத்திருந்தால் அதற்குக் காரணம் கேட்பதில் தவறில்லை.

நான்காவது, ஒத்த விற்பனை. அதே மாடல், அதே காலம், ஏறத்தாழ அதே நிலையில் உள்ள வண்டிகள் உண்மையில் எவ்வளவுக்குக் கைமாறின என்று கேட்டறிய வேண்டும். விளம்பரத்தில் சொல்லும் விலை, விற்றவரின் ஆசை மட்டுமே. மாதக்கணக்கில் அதே விலையில் தொங்கும் விளம்பரம், அந்த விலைக்கு ஆள் இல்லை என்பதற்கே சான்று.

முறையை விளக்க ஒரு கற்பனைக் கணக்கு. இதன் எண்கள் எடுத்துக்காட்டுக்காக மட்டுமே. நல்ல நிலையில் உள்ள மூன்று ஒத்த வண்டிகள் 1,40,000, 1,55,000, 1,70,000 ரூபாய்க்கு விற்றன என்று கொள்வோம். சராசரி 1,55,000. நாம் பார்க்கும் வண்டிக்கு அசல் சைலன்சரும் கார்புரேட்டரும் இல்லை. தேடி வாங்க 20,000. என்ஜின் வேலை 25,000. டயர், வயரிங் 10,000. பதிவு புதுப்பித்தல், பெயர் மாற்றம் உள்ளிட்ட ஆவணச் செலவுக்கு 10,000. கழிக்க வேண்டியது 65,000. மிச்சம் 90,000. திறந்து பார்த்தால் தெரியவரும் குறைகளுக்காகப் பத்து விழுக்காடு ஒதுக்கினால் 81,000. ஆக 80,000 முதல் 90,000 வரை நியாயமான விலை. வின்டேஜ் மதிப்பீட்டில் ஒற்றை எண்ணைவிட ஒரு வரம்பே நேர்மையானது.

பலர் செய்யும் தவறு, செலவைக் கூட்டி விலை சொல்வது. "வாங்கியது 50,000, செலவு செய்தது 1,50,000, ஆகவே விலை 2,00,000" என்பது விற்பவரின் கணக்கு. அந்தச் செலவால் வண்டி சந்தையில் எவ்வளவு உயர்ந்தது என்பதே வாங்குபவரின் கணக்கு. இரண்டும் அரிதாகவே ஒத்துப்போகும்.

இன்னொரு மயக்கம், பழைய விலையோடு ஒப்பிடுவது. நாற்பது ஆண்டுகளுக்கு முன் 10,000 ரூபாய்க்கு வாங்கியது இன்று 1,00,000க்குப் போகிறது என்றால் பத்து மடங்கு லாபம் எனத் தோன்றும். ஆண்டுக்கு 7 விழுக்காடு கூட்டு வட்டியில் அதே 10,000 நாற்பது ஆண்டில் ஏறத்தாழ 1,50,000 ஆகியிருக்கும். இடையில் செய்த பராமரிப்பையும் கணக்கில் எடுத்தால், பழைய வண்டி பெரும்பாலோருக்கு முதலீடு அன்று; பிடித்துப்போய் வைத்திருந்த பொருள்.

காப்பீட்டின் கணக்கு வேறு

வண்டியின் வயதுக்கேற்ப மதிப்பைக் குறைக்கும் முறையை இந்தியக் காப்பீடு பின்பற்றுகிறது. வழக்கமான தேய்மான அட்டவணையில் நான்கு முதல் ஐந்து ஆண்டான வண்டிக்கு 50 விழுக்காடு கழிக்கப்படும். ஐந்து ஆண்டுக்கு மேல் அட்டவணை நின்றுவிடுகிறது. அதன்பின் மதிப்பைக் காப்பீட்டாளரும் உரிமையாளரும் பேசி முடிவு செய்ய வேண்டும். ஆனால் பழைய வண்டி வைத்திருப்போர் பலர் மூன்றாம் நபர் காப்பீட்டோடு நின்றுவிடுகிறார்கள். வண்டி திருடு போனாலோ எரிந்தாலோ அதில் ஒரு காசும் வராது. சந்தையில் விலை உயர்ந்த வண்டிக்கு, நிலையைக் காட்டும் படங்களோடும் பாகங்களின் ரசீதுகளோடும் ஒப்புக்கொண்ட மதிப்பில் காப்பீடு கேட்பது முறை.

காகிதத்தின் எடை

மோட்டார் வாகனச் சட்டம் 1988இன்படி தனியார் வண்டியின் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். அதன்பின் ஐந்து ஐந்து ஆண்டுகளாகப் புதுப்பிக்க வேண்டும். 2022 ஏப்ரல் முதல் 15 ஆண்டு கடந்த இருசக்கர வாகனங்களின் புதுப்பித்தல் கட்டணம் 300 ரூபாயிலிருந்து 1,000 ரூபாயாக உயர்ந்தது. தில்லித் தலைநகர்ப் பகுதியில் 15 ஆண்டு கடந்த பெட்ரோல் வண்டிகளுக்குப் பசுமைத் தீர்ப்பாயம் தடை விதித்தது. 2018இல் உச்ச நீதிமன்றமும் அதை வலியுறுத்தியது. பழைய வண்டியின் விலை ஊரைப் பொறுத்தும் மாறும் என்பதற்கு இது சான்று.

50 ஆண்டு கடந்த வண்டிகளுக்கு 2021 விதிகள் தனிப் பதிவு வரிசையைத் தந்தன. மாநிலக் குறியீட்டுக்குப் பின் வி.ஏ. என்ற எழுத்துகள் வரும். புதிய பதிவுக்கு 20,000 ரூபாய். பத்து ஆண்டு செல்லும். மறுபதிவுக்கு 5,000 ரூபாய். அப்படிப் பதிந்த வண்டியைக் கண்காட்சி, ஆராய்ச்சி, பேரணி, எரிபொருள் நிரப்புதல், பராமரிப்பு போன்றவற்றுக்காக மட்டுமே சாலையில் எடுக்கலாம். தினமும் அலுவலகத்துக்குப் போக முடியாது. எனவே இந்தப் பதிவு சேகரிப்பாளருக்கு மதிப்பைக் கூட்டலாம். ஓட்ட விரும்புவோருக்குக் குறைக்கலாம்.

விற்பவர் அறிய வேண்டிய ஆபத்து ஒன்று உண்டு. கையில் பணம் வாங்கிச் சாவியைக் கொடுத்துவிட்டால் விற்பனை முடிந்துவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். பதிவில் பெயர் மாறும்வரை சட்டத்தின் கண்ணில் பழையவரே உரிமையாளர். விபத்து நேர்ந்தால் இழப்பீட்டுப் பொறுப்பு பதிவில் உள்ளவர்மேல் வரும் என்று 2018இல் நவீன் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. படிவம் 29, 30 ஆகியவற்றைக் கொடுத்துப் பெயர் மாற்றம் முடிந்ததை உறுதி செய்வது விற்பவரின் நலனுக்கே. உரிமையாளர் இறந்திருந்தால் வாரிசு முதலில் படிவம் 31 வழியாகத் தன் பெயருக்கு மாற்ற வேண்டும். தாத்தாவின் பெயரிலேயே கிடக்கும் ஆர்.சி. புத்தகம் நல்ல வண்டியையும் பாதி விலைக்கு இழுத்துவிடும்.

புதுப்பித்தலும் அழித்தலும்

உலகச் சந்தையில் பெரும் விலை பெறுபவை வரலாறு தெளிவான வண்டிகள். 1951ஆம் ஆண்டின் வின்சென்ட் பிளாக் லைட்னிங் ஒன்று 2018 ஜனவரியில் லாஸ் வேகாஸ் ஏலத்தில் 9,29,000 டாலருக்குப் போனது. அதுவே ஆஸ்திரேலியாவில் வேகச் சாதனை படைத்த வண்டி என்பதற்குச் சான்றுகள் இருந்தன. 1908ஆம் ஆண்டின் ஹார்லி டேவிட்சன் ஒன்று 2023 ஜனவரியில் 9,35,000 டாலர் பெற்றது. இவ்விலைகள் நம் ஊர்ப் புல்லட்டுக்கு அளவுகோல் ஆகா. ஆனால் அவற்றின் பின்னுள்ள விதி பொருந்தும்: வண்டியோடு அதன் கதைக்கான சான்றும் விற்கப்படுகிறது.

இங்கேதான் விலை ஏற்றத்தின் இருண்ட பக்கம் தெரிகிறது. விற்பதற்காக அவசரமாகப் "புதுப்பிக்கப்படும்" வண்டிகளில் தொழிற்சாலையில் கையால் இழுத்த டேங்கின் பொன்னிறக் கோடுகள் சுரண்டப்படுகின்றன. பழைய குரோம் பூச்சு தேய்க்கப்பட்டுப் புதியது ஏறுகிறது. பயன்பட்ட அசல் பாகங்கள் எடைக்குப் போகின்றன. ஒரு முழு வண்டியைக் கட்ட மூன்று வண்டிகள் பிரிக்கப்படுகின்றன. வெளியே வருவது பளபளக்கும் ஒன்று. 1965இல் திருவொற்றியூரில் என்ன செய்தார்கள் என்பதற்கான சான்று அதில் மிஞ்சுவதில்லை. ஒரு முறை சுரண்டிய பெயின்ட்டை மீண்டும் அசலாக்க முடியாது. பல நாடுகளின் சேகரிப்பாளர்கள் இன்று கைபடாத, மங்கிய, ஆனால் அசலான வண்டியைப் புதுப்பித்ததைவிட மேலாகக் கருதுவதற்கு இதுவே காரணம்.

ஆகவே வீட்டில் பழைய வண்டி வைத்திருப்போர் விற்க நினைக்கும்போது முதலில் செய்ய வேண்டியது பெயின்ட் அடிப்பது அன்று. ஆர்.சி. புத்தகம், முதல் ரசீது, பழைய வரி வில்லைகள், வண்டியோடு எடுத்த குடும்பப் படங்கள், மெக்கானிக் கொடுத்த சீட்டுகள், கழற்றி வைத்த பாகங்கள் ஆகியவற்றை ஒன்று சேர்ப்பதுதான். தூசியைத் துடைத்து, துரு பரவாமல் எண்ணெய் பூசி வைத்தாலே போதும். இவற்றுக்குச் செலவு மிகக் குறைவு. விலையில் தரும் பலன் பெரிது.

தொகுப்பு

பழைய மோட்டார் சைக்கிளின் விலை இரும்பின் விலையும் உழைப்பின் கூலியும் சேர்ந்த கணக்கு மட்டும் அன்று. ரெட்டிச் ஆலை மூடியதும் திருவொற்றியூர் ஆலை தொடர்ந்ததும், உரிமக் கட்டுப்பாடும் ஜப்பானிய வண்டிகளின் வரவும், 2010இல் நின்ற வார்ப்பிரும்பு என்ஜினும் 2021இல் வந்த விதிகளும் அதற்குள் இருக்கின்றன. இவற்றை அறிந்தவர் ஒரு வண்டியைப் பார்த்ததும் அதன் ஆண்டையும் பயணத்தையும் படிப்பார். அறியாதவர் பளபளப்புக்கு அதிகம் கொடுப்பார். அல்லது அரிய பொருளைப் பழைய இரும்பின் விலைக்குக் கைவிடுவார். இரண்டாவது இழப்பு அவர் குடும்பத்தோடு நிற்பதில்லை. இந்தியத் தொழில் வரலாற்றின் ஒரு சான்றும் அதோடு உருகிப்போகிறது.